நெருப்புக்கு எதிரே நீர்

கவிழ்த்த தகரக் குவளையின் அடியில் பட்டாசு வெடித்தால் குவளை மேலே பறக்கும். (இதனை எவரும் செய்து பார்த்தல் கூடாது, குவளையின் விளிம்பு கண்ணைக் கெடுத்துவிடும்.) திறந்த வெளியில் நாற்புறமும் கலைந்துபோகும் அழுத்தம், சுவர்களுக்குள் அகப்பட்டால் வழிதேடிப் பாய்கிறது. ஏவுதளத்திலும் இதுவே நிகழ்கிறது.

1981ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகப் புறப்பட்டது. அதில் ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் ஆகிய இருவர் இருந்தனர். இருபுறமும் இணைக்கப்பட்ட திட எரிபொருள் உந்துகலன்கள் எரியத் தொடங்கியதும், அவற்றின் வெப்ப வளிமம் மேடையின் திறப்புகள் வழியே கீழுள்ள சுடர் அகழிக்குள் பாய்ந்தது. அங்கு நிறைந்திருந்த காற்று விலகிச் செல்ல நேரமில்லை. ஹோலிப் பண்டிகையில் நீங்கள் கையாளும் பீச்சாங்குழலின் தண்டு நீரைத் தள்ளுவது போல, வளிமம் அக்காற்றை நெருக்கித் தள்ளியது. நெருக்குண்ட காற்று அழுத்த அலையாகி, திறப்புகளின் வழியே மேலேறி ஓடத்தைத் தாக்கியது. அதன் வன்மை பொறியாளர் கணித்ததைவிடப் பலமடங்கு மிகுந்திருந்தது.

வெப்பம் தாங்கும் ஓடுகளுள் 16 உதிர்ந்தன, 148 பழுதுற்றன. மூக்குப் பகுதியில் ஒரு தொட்டியைத் தாங்கிய தண்டு வளைந்தது. விண்ணில் சரக்கறைக் கதவுகளைத் திறந்தபோது, வால்புறத்தில் சில ஓடுகள் இல்லாததை வீரர்கள் கண்டனர். திரும்பும்போது கடும் வெப்பத்தைத் தாங்க வேண்டிய அடிப்பகுதியையோ அவர்களால் பார்க்க இயலவில்லை. அந்நிலையிலேயே இரண்டு நாள் கழித்து நலமாகத் தரையிறங்கினர்.

பின்னர்ப் பொறியாளர்கள் சிறிய மாதிரிகளை எரித்துச் சோதித்தனர். முதற்பயணத்திலும் ஏவுதளத்தில் நீர் பாய்ச்சப்பட்டது. ஆயினும் இவ்வலையை அடக்க அது போதவில்லை. எனவே, திறப்புகளிலேயே குழாய்களை அமைத்து உந்துகலனின் சுடருக்குள் நீரைப் பீய்ச்சினர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உண்டுவிடுகிறது, வளிமம் குளிர்ந்து சுருங்குகிறது, அலையும் தளர்கிறது. அத்துடன், திறப்புகளின் குறுக்கே நீர் நிரப்பிய தொட்டில் போன்ற பைகளைக் கட்டினர். கீழிருந்து எழும் அலை அந்நீரின் எடையில் மோதி வலுவிழந்தது. நவம்பரில் நிகழ்ந்த இரண்டாம் பயணத்தில் அழுத்தம் வெகுவாகக் குறைந்தது.

ஏவுதளத்தருகே ஏறத்தாழ 88 மீட்டர் உயரத் தொட்டியில் 11 லட்சம் லிட்டர் நீர் தேக்கப்பட்டிருந்தது. எந்திர விசையின்றித் தன் எடையாலேயே இறங்கிய அந்நீர் 41 நொடிகளில் தீர்ந்துவிடும். வகுப்பில் ஏவுதல் காட்சியைக் காட்டினால், “எவ்வளவு புகை, ஐயா!” என்றே மாணவர் வியப்பர். அவ்வெண்மேகத்தில் பெரும்பங்கு நீராவியே.

அருஞ்சொற்பொருள்
வளிமம் – வாயு. அகழி – ஆழமாகத் தோண்டிய வாய்க்கால். வன்மை – வலிமை.

விடை எழுதுக
1. அழுத்த அலை மேல்நோக்கித் திரும்பியது ஏன்?
2. நீர்ப்பைகள் எங்கே கட்டப்பட்டன? அவற்றின் பயன் யாது?
3. ‘உதிர்ந்தன’, ‘தளர்கிறது’ – இவற்றின் காலத்தை எழுதி, எதிர்காலமாக மாற்றுக.