இன்ஜினைப் பிரிக்கும் முன்

நம் வட்டாரத்தில் ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்குவது ஒரு வீட்டுக்கே பெரிய முடிவு. வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணம், அம்மாவின் வளையல், மீதிக்கு மாதத் தவணை என்று சேர்த்துத்தான் வாங்குகிறோம். நிக்காஹ், மவ்த்து, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் ஹாஸ்டல் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான் போய் நிற்கிறது. அதன் இன்ஜின் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே போய்விட்டால், அதுவும் "உங்கள் தவறுதான், வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அதில் என் தவறும் ஒன்று உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தங்கை கணவரின் டீசல் எஸ்யூவி வாங்கி இரண்டு ஆண்டு பத்து மாதம் ஆகியிருந்தது. ஓடியது ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் ஒரு வலீமாவுக்குக் குடும்பத்தோடு சேலத்திலிருந்து கிளம்பினார்கள். தொப்பூர் கணவாய் மேட்டில் ஏறும்போது ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. இரவு நேரம், வண்டி நிறையப் பெண்களும் குழந்தைகளும், சுற்றிலும் லாரிகள். "தர்மபுரி போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் கடகடவென்று சத்தம். நல்லம்பள்ளி தாண்டியதும் வண்டி நின்றது. பிறகு சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே இல்லை. மெக்கானிக்குகள் சொல்வதுபோல இன்ஜின் சீஸ்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து சர்வீஸ் சென்டரில் விட்டார்கள். அங்கிருந்து மச்சான் எனக்கு போன் செய்தார். "மாப்ள, பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியுமாம். கையெழுத்துக் கேக்குறாங்க. போடலாமா?" நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளோடு பழகியவன் என்பதால் வீட்டில் வண்டி விஷயமென்றால் என்னைத்தான் கேட்பார்கள். "போடுங்க மச்சான், பிரிக்காம எப்படித் தெரியும்?" என்றேன். அதுதான் நான் செய்த தவறு.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. ஆயில் மிகக் குறைவாக இருந்ததாம், அப்படியே ஓட்டியதால் பியரிங் உருகிவிட்டதாம், இது உரிமையாளரின் கவனக்குறைவாம். எஸ்டிமேட் மூன்றே முக்கால் இலட்சம். ஆயில் குறைந்திருந்ததா, எவ்வளவு குறைந்திருந்தது, ஏன் குறைந்தது என்று கேட்டோம். ஆயிலை வடித்துவிட்டார்கள். வடிக்கும்போது எங்கள் ஆள் யாரும் இல்லை. ஒரு போட்டோகூட இல்லை. அவர்கள் சொல்வதே கணக்கு.

சிவப்பு விளக்கு சொல்வது

இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூன்றாயிரம் சுற்று சுற்றுகிறது. அதற்கும் அதைத் தாங்கும் பியரிங்குக்கும் நடுவே இருப்பது காகிதத்தைவிட மெல்லிய ஆயில் படலம். பம்பு அழுத்திக் கொடுக்கும் ஆயில், சிறு துளைகள் வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். அழுத்தம் போய்விட்டால் இரும்போடு இரும்பு உரசும். முதலில் கடகட சத்தம், அப்புறம் சூட்டில் பியரிங் பிடித்துக்கொள்ளும். சில நேரம் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆகவே சிவப்பு ஆயில் விளக்கு என்பது "அடுத்த பங்க்கில் பார்க்கலாம்" என்கிற விளக்கு அல்ல. அழுத்தம் ஏற்கனவே போய்விட்டது என்று பொருள். ஓரம் கட்டி உடனே அணைக்க வேண்டும். இரவானாலும் அப்படித்தான்; பெண்களையும் பிள்ளைகளையும் வேறு வண்டி பிடித்து அனுப்பலாம். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டாலும் இதே கதைதான். ஏற்காடு மலை ஏறும்போது கோடையில் இது நடக்கும். நிறுத்துங்கள், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

ஆனால் ஆயில் பாதை அடைபட உரிமையாளரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் இல்லை. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் விற்ற தீட்டா-2 பெட்ரோல் இன்ஜின் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் ஆயில் துளைகளில் தங்கி, பியரிங்குக்கு ஆயில் போகாமல் தடுத்தன. 2015இல் சுமார் 4.7 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் சான்டா ஃபே, சொரென்டோ, ஸ்போர்ட்டேஜ் போன்ற குடும்ப எஸ்யூவிகளும் சேர்ந்து இன்னும் சுமார் 11.9 இலட்சம். ஹூண்டாயிலேயே வேலை பார்த்த கிம் குவாங்-ஹோ என்ற பொறியாளர்தான் உள்விவரங்களை 2016இல் அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்தார். 2020இல் இரு நிறுவனங்கள்மீதும் சேர்த்து 21 கோடி டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது. அந்த வழக்குகளின் சமரசத்தில் இன்ஜின் பிளாக்குக்கு ஆயுள் வாரண்டி கிடைத்தது. அதிலும் பராமரிப்பை அடியோடு கைவிட்டவர்களுக்கு விலக்கு வைத்தார்கள். ஊர் எதுவானாலும் சர்வீஸ் பில்லைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

டவுனுக்குள்ளேயே ஓடும் டீசல்

நம் வீடுகளில் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். கரி நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்திச் சூடேற்றி அதை எரிக்கும். அதற்குச் சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட்டம் வேண்டும். கோட்டையிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து கடை என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைத்துக்கொண்டே இருந்தால் எரிப்பு பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், பியரிங்கைக் காக்கும் படலம் மெலியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிப்ஸ்டிக்கில் பார்த்தால் ஆயில் கூடியிருக்கும். "பரவாயில்லையே, ஆயிலே குறையல" என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். மேல் கோட்டைத் தாண்டி ஏறினால் உடனே ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் பைபாஸில் நாமக்கல் வரை ஒரு முறை போய்வாருங்கள். வீட்டு உபயோகம் முழுக்க டவுனுக்குள்தான் என்றால் டீசலே வேண்டாம், பெட்ரோல் வாங்குங்கள் என்பது என் கருத்து. ஷோரூமில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளத்தையும் மறக்கக்கூடாது. 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, ராடு வளையும். சாதாரண இன்சூரன்ஸில் இந்த இன்ஜின் சேதம் பெரும்பாலும் வராது. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டும்.

எழுத்தில் இருப்பதுதான் நிற்கும்

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். வண்டி நிற்பதற்கு இரண்டு மாதம் முன்பே சர்வீஸின்போது, "ஆயில் குறைஞ்சுக்கிட்டே வருது தம்பி" என்று மச்சான் சொல்லியிருக்கிறார். ஆயிலை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தால் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் இருந்தது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம், அல்பகரா 282. ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் மட்டும் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

எங்களைக் காப்பாற்றியது என் தங்கை. அந்த சர்வீஸுக்குப் பத்து நாள் கழித்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து போட்டோ எடுத்து, "மறுபடியும் குறைந்திருக்கிறது" என்று சர்வீஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் மேடம்" என்று பதிலும் வந்திருந்தது. தேதி, நேரம், நீல டிக் எல்லாம் இருந்தன.

அதைச் சேர்த்து விற்றவருக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் எழுதினோம். வாரண்டியின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டோம். கழற்றிய பியரிங், ராடு, ஆயில் பம்பு எதையும் தூக்கிப்போடக் கூடாது என்றும் எழுதினோம். நான்கு மாதம் இழுத்தது. கடைசியில் பாகங்களின் செலவை நிறுவனம் ஏற்றது. லேபர், ஆயில் என்று நாற்பதாயிரத்துச் சொச்சம் மச்சான் கட்டினார். நின்ற வண்டிக்கு அந்த நான்கு மாதமும் தவணை கட்டியது தனி. நான் மட்டும் பிரிக்கும் முன் ஆயிலை அளந்து, போட்டோ எடுத்து, ஒரு பாட்டிலில் மாதிரி வாங்கி வைக்கச் சொல்லியிருந்தால் நான்கு மாதம் ஆகியிருக்காது.

இன்னொரு பயமும் நம்மிடம் உண்டு: "வெளியே மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி போய்விடும்." 2014இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்பு விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஷம்ஷேர் கட்டாரியா என்ற ஒருவர் கொடுத்த புகாரில் தொடங்கிய விசாரணை அது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனவே வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸையே செய்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நம்பிக்கையான வெளி மெக்கானிக்கின் கருத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனரை எடுக்க விடாதீர்கள்.

எழுதியும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேலத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு. வண்டியைக் கோவையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நல்ல வசதி இது. கொடுத்த விலை 50 இலட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பத்து இலட்சத்துக்கு மேல் இருபது இலட்சம் வரையுள்ள வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "பார்க்கலாம் சார்" என்று இழுத்தடிப்பவர்களுக்கும் இந்தக் கெடு தெரியும். மஞ்சள் போர்டு போட்டு வாடகைக்கு ஓட்டுபவர்கள், அதுவே தம் சொந்தப் பிழைப்பு என்று காட்ட வேண்டியிருக்கும். நாலைந்து வண்டி ஓட்டும் டிராவல்ஸ்காரருக்கு இந்தக் கதவு திறப்பது கடினம்.

புது வண்டியே வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பிடிவாதம் பிடிக்காதீர்கள். மாருதி நிறுவனத்துக்கும் சுஷீல் குமார் கப்கோத்ராவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான், முழு வண்டியை அல்ல என்றது. 2010இல் சி.என். அனந்தராம் என்பவரின் ஃபியட் கார் வழக்கு வந்தது. இன்ஜினில் சத்தம், இன்ஜினை மாற்றிக் கொடுத்தும் அவருக்குத் திருப்தியில்லை. சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் பரிசோதித்து, தயாரிப்பிலேயே குறை என்று கண்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது நீதிமன்றம். ஆகவே வல்லுநர் அறிக்கைதான் வழக்கின் உயிர். பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் துறைப் பேராசிரியர் போன்ற ஒருவரைக் கொண்டு பரிசோதிக்க உத்தரவிடுமாறு முதல் மனுவிலேயே கேளுங்கள். பிரிக்காத இன்ஜினாக இருந்தால் அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

வழக்கில் விற்றவர், தயாரித்தவர் இருவரையும் சேருங்கள். இருவரும் செய்த தவறைத் தனித்தனியாக எழுதுங்கள். கோவாவில் பழைய மாடலைப் புதிதென்று டீலர் விற்ற வழக்கில், டாடா மோட்டார்ஸுக்கு அது தெரியும் என்று காட்டப்படாததால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்ஜின் மாற்றினால் இன்ஜின் எண்ணும் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புக்கிலும், பிறகு இன்சூரன்ஸிலும் அதைத் திருத்த வேண்டும். எங்களுக்கு இது போன மாதம்தான் உறைத்தது, மச்சான் வண்டியை விற்க நினைத்தபோது. திருத்திய பிறகு புரோக்கர் ஒருவர், "இன்ஜின் மாத்தினதைச் சொல்லாதீங்க பாய், அறுபதாயிரம் குறையும்" என்றார். குறையைச் சொல்லாமல் விற்பது நமக்கு ஹலால் இல்லை என்று மச்சான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ராசிபுரத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். நடந்ததை முழுதும் கேட்டார். புரோக்கர் சொன்னதைவிடவும் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜாப் கார்டு, பில், மின்னஞ்சல் நகல் எல்லாம் இருந்த ஃபைலையும் மச்சான் சாவியோடு சேர்த்துக் கொடுத்தார்.