கேன்டீன் மேஜையில் நாலாவது ஆள்

நெதர்லாந்தில் வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கு விசா, வாடகை வீடு, சைக்கிள் பூட்டு வரைக்கும் யோசனை சொல்ல ஆள் உண்டு. கிளாவர்யாஸ் படித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அது அந்த ஊர்ச் சீட்டாட்டம். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் குறைந்தது 30 நிமிட இடைவேளை தர வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த அரை மணியில், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் சீட்டுமாக உட்கார்ந்திருக்கும் மேஜையைத் தொழிற்சாலை கேன்டீன்களில் பார்க்கலாம். இளவட்டங்கள் நிறைந்த மென்பொருள் கம்பெனியில் இது இல்லாமலும் போகலாம். இருந்தால் விடாதீர்கள். ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் கூடிவிட்டால் நாலாவது ஆளுக்குத் தேடுவார்கள். உங்கள் டச்சு அரைகுறையா என்று அப்போது யாரும் பார்க்க மாட்டார்கள்.

304 ஆடத் தெரிந்தவர்களுக்குப் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதே 32 சீட்டு, ஏழு முதல் ஆஸ் வரை. ஆளுக்கு எட்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்ட்னர். துருப்பில் ஜாக்கிதான் பெரிது, அடுத்தது ஒன்பது. ஆனால் பழக்கம் காலை வாருவதும் இங்கேதான். 304-இல் எந்த இனமானாலும் ஜாக்கி பெரியவர். கிளாவர்யாஸில் துருப்பு ஜாக்கிக்கு மட்டுமே அந்த மரியாதை. அவருக்கு 20 புள்ளி. மற்ற மூன்று இனத்திலும் ஜாக்கிக்கு வெறும் 2. அங்கே ஆஸ்தான் தலை, அடுத்தது பத்து, பிறகுதான் ராஜா, ராணி. ஆட்டம் சுற்றுவதும் இடப்பக்கமாக.

முதல் வாரம் புள்ளிகளை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். துருப்பில் ஜாக்கி 20, ஒன்பது 14. ஆஸ் 11, பத்து 10, ராஜா 4, ராணி 3 என்பது எல்லா இனத்துக்கும் பொது. ஏழும் எட்டும் பூஜ்யம். துருப்பல்லாத ஒன்பதும் பூஜ்யம்தான். கூட்டினால் 152. கடைசிப் பிடிக்கு 10 சேர்த்து 162. துருப்பு சொன்ன அணி எதிரணியைவிட அதிகம் எடுத்தாக வேண்டும். 81-க்கு 81 என்று சமமாக நின்றாலும் சொன்னவர் ‘நாட்’. 162-உம் எதிரணிக்குப் போய்விடும். எட்டுப் பிடியையும் அள்ளினால் ‘பிட்’, கூடுதலாக 100. இப்படிப் பதினாறு ஆட்டம் சேர்ந்தது ஒரு ‘போம்’.

இனி ஆட்டத்தின் ருசிக்கு வருவோம். ‘ரூம்’ என்று ஒரு சங்கதி இருக்கிறது. ஒரே பிடியில் ஒரே இனத்துச் சீட்டு மூன்று வரிசையாக விழுந்தால் 20, நாலு விழுந்தால் 50. துருப்பு ராஜாவும் ராணியும் ஒரே பிடியில் சேர்ந்தால் 20. துருப்பு ஆர்ட்டின் என்று வையுங்கள். பார்ட்னர் கிளாவர் ஆஸை இறக்குகிறார். அடுத்தவர் கிளாவர் ராணி. உங்கள் கையில் கிளாவர் ராஜாவும் ஏழும். ஏழைப் போட்டால் பிடியில் இருப்பது 14 புள்ளி. ராஜாவைப் போட்டால் ராணி, ராஜா, ஆஸ் வரிசையாகிவிடும்: 18-உம் ரூம் 20-உம் சேர்ந்து 38. கடைசி ஆளிடம் கிளாவரில் ஜாக்கி ஒன்றுதான் மிச்சம் என்றால் இன்னும் விசேஷம். அதே இனம் கையில் இருந்தால் போட்டே தீர வேண்டும். அவர் முகத்தைச் சுளித்தபடி அதை வைப்பார், மொத்தம் 70 ஆகிவிடும். பிடியைக் கவிழ்ப்பதற்குள் ‘ரூம்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் வராது. கடைசி ஆளிடம் கிளாவரே இல்லையென்றால் துருப்பால் வெட்டி அத்தனையையும் அவர் கொண்டுபோவார் என்பதும் உண்மைதான். அந்த இனம் முதல் முறையாக இறங்கும்போது அந்த அபாயம் குறைவு.

உட்காருவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ராட்டர்டாம் விதியா, ஆம்ஸ்டர்டாம் விதியா? கேட்ட இனம் கையில் இல்லையென்றால் ராட்டர்டாமில் துருப்பு போட்டே ஆக வேண்டும், பார்ட்னர் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி. ஆம்ஸ்டர்டாமில் பார்ட்னர் ஜெயிக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. கொழுத்த பத்து ஒன்றை அவர் பிடியில் தள்ளிவிடலாம். இஷ்டம்போல் வேறு சீட்டைக் கழித்துப் பழகிய கை இந்த இடத்தில் தடுமாறும். போட வேண்டிய சீட்டை வைத்துக்கொண்டே வேறு போடுவதுதான் இந்த மேஜையின் பெருங்குற்றம். தெரியாமல் செய்தாலும் அந்த ஆட்டத்தின் புள்ளி எதிரணிக்கு.

துருப்பு மொத்தம் எட்டுதான், இறங்க இறங்க எண்ணுங்கள். புதியவரிடம் மற்றவர்கள் எதிர்பார்ப்பது பெரிய சாமர்த்தியம் இல்லை. இந்த எண்ணிக்கையும் விதி மீறாத கையும் இருந்தால் போதும். பார்ட்னருக்குச் சீட்டாலேயே சைகை காட்டும் முறைகள் மேஜைக்கு மேஜை மாறும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே அச்சான கட்டில் ஜாக்கியின் மூலையில் பி, ராணிக்கு வி, ராஜாவுக்கு ஹெச் என்று இருக்கும். இரண்டு நாள் கண் குழம்பும், அப்புறம் சரியாகிவிடும்.

எதிரே இருப்பவர் உங்கள் மேலாளராகக்கூட இருக்கலாம். ஆட்டத்தின் நடுவே கையில் இருப்பதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. முடிந்ததும் “அந்த ஒன்பதை ஏன் அப்போதே போட்டாய்?” என்று முகத்துக்கு நேரே கேட்பார். திட்டு என்று நினைக்க வேண்டாம், அங்கே பேச்சே அப்படித்தான். காரணத்தைச் சொல்லுங்கள், மன்னிப்பு தேவையில்லை. அவர் தப்பாகப் போட்டால் நீங்களும் கேட்கலாம். நம்மூர் ஆபீஸில் வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் வராது, ஆனால் மீட்டிங்கில் மாற்றுக் கருத்து சொல்ல இதைவிட மலிவான பயிற்சி கிடையாது.

ஆபீஸில் ஆள் சேரவில்லையென்றால் பேட்டை மன்றங்களிலும் கிளப்புகளிலும் குளிர்கால மாலைகளில் போட்டி நடக்கும். இறைச்சிப் பொட்டலத்தைப் பரிசாகக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். சைவக்காரர்கள் வாங்கிப் பார்ட்னரிடம் நீட்டிவிடலாம். அடுத்த வாரமும் உங்களோடுதான் ஜோடி சேருவேன் என்று அவர் நிற்பார்.