புதுக்குடித்தனத்தின் முதல் ஆண்டு: எமது கரையோரத்து வழக்கங்கள்

தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளைப் படிக்கும் எமது பிள்ளைகள் தலைத்தீபாவளி, ஆடிச்சீர் என்ற சொற்களைக் கண்டு, அவை எமக்கும் உரியவை என எண்ணுகின்றனர். அங்கே பெண் மணமுடித்துக் கணவன் வீடு செல்கிறாள். ஆகவே முதல் தீபாவளிக்கு மகளையும் மருமகனையும் பெண்வீட்டார் அழைப்பதும், ஆடி மாதத்தில் மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதும் அங்கு பொருளுள்ள வழக்கங்களாகும். கல்முனையை அடுத்துள்ள எமது ஊர்களில் நிலைமை வேறு. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பிறந்த வீட்டிலேயே இருக்கும் மகளை எங்கிருந்து அழைப்பது?

இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் எமது வழக்கங்கள் பலவற்றின் காரணம் புரியும். கலியாணம் முடிந்ததும் மணமக்கள் மாப்பிள்ளையின் தாய்வீட்டுக்குப் போய்வருவதைக் 'கால்மாறுதல்' என்கிறோம். அதன் பின்னர் வரும் நல்ல நாள் பெருநாட்களிலும் பலகாரத் தட்டு பெரும்பாலும் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் தாயாரை நோக்கியே நடக்கும். மகனைக் கொடுத்துவிட்டு வெறும் திண்ணையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தாயின் மனமும் ஆற வேண்டுமல்லவா?

சித்திரை வருடப்பிறப்பில் இது நன்கு தெரியும். ஆலயத்தில் பெற்ற மருத்துநீரை, பஞ்சாங்கம் சொல்லும் இலைகளைத் தலையிலும் காலிலும் வைத்துத் தேய்த்து நீராடி, புத்தாடை அணிந்து, சுபநேரத்தில் கைவிசேடம் வாங்குவர். புது மருமகனுக்கு அந்த வீட்டில் மாமனார் கையால் கிடைக்கும் முதற் காசு அது. வெற்றிலையில் வைத்த அந்தக் காசைச் செலவழிக்காமல் பல வருடம் பெட்டியில் வைத்திருப்போர் உண்டு. அன்று பின்னேரமே இருவரும் முறுக்கும் அரியதரமும் எடுத்துக்கொண்டு அவருடைய தாயிடம் போய் இன்னொரு கைவிசேடம் பெறுவர். ஒரே நாளில் இரண்டு வீட்டுப் புக்கையை உண்ணும் பாக்கியம் புதுத்தம்பதியருக்கே உண்டு. (வயிற்றுக்கோளாறும் அவர்களுக்கே என்பது வேறு கதை.)

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு. காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, குளிர்த்தியுடன் நிறைவு செய்வர். கல்யாணக்கால் கண்ணகையும் கோவலனும் மணமுடித்ததைக் குறிப்பது. கண்ணகி வழக்குரையில் கலியாணக் காதை எனத் தனியாக ஒரு பகுதியும் உண்டு. மதுரையை எரித்தவளாக மட்டும் கண்ணகையை அறிந்த இளையோர் இதனைக் கவனிக்க வேண்டும். எமது முன்னோர் அவளை முதலில் புதுமணப்பெண்ணாகவே வழிபட்டனர். அவளும் பிரிவைக் கண்டவள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலும் தீமிதிப்புக்கு முன்னர் கல்யாணக்கால் வைக்கும் சடங்கு நடைபெறுகிறது. சோறு சமைத்துக் காத்திருக்கும் ஒரு புதுப்பெண், தன் கதையையே அம்மன் முன் கேட்கிறாள் எனலாம்.

சடங்குகளுக்கு வெளியேயும் முதல் வருடத்தில் சின்னச் சின்ன இன்பங்கள் நிறையவே உண்டு. முன்பு மாமி மருமகனோடு நேரே பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று, "அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்து மகள்" என்பாள். அவரும் மனைவியைப் பார்த்து, "மாமிக்கிட்ட போதும் எண்டு சொல்லு" என்பார். இருவருக்கும் நடுவில் நின்று சிரிப்பை அடக்குவது மகளின் வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் வெக்கை தாங்காது. மாலையில் கடற்கரை மணலில் போய் இருந்தால், கரைவலை இழுப்போரின் சத்தமும், பத்து ரூபாக் கச்சான் கொட்டையும் போதுமானவையாக இருந்தன. மாரி மழையில் வயற்காவலுக்குப் போன கணவனுக்குச் சோற்றுப்பொதி கட்டிக்கொடுப்பதும், அவர் திரும்பும் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருப்பதும் அந்நாளைய காதற் கடிதங்கள்.

அயலூர் முஸ்லிம் மக்களிடமும் தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைக்கும் வழக்கமும் இருக்கின்றன. அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று இரு சமூகத்தையும் சொல்வது சாப்பாட்டை மட்டும் வைத்தல்ல. இடையில் வந்த கசப்புகளுக்கும் மேலாக, வீட்டு வாழ்க்கையின் அமைப்பே ஒன்றாக இருக்கிறது.

இனி வீட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. ஆயினும் வீடும் வளவும் மகளுக்கே என்ற முறை சீதனமாக நிலைத்துவிட்டது. இதன் பாரத்தையும் மறைக்கக்கூடாது. மூன்று பெண் பிள்ளைகள் உள்ள தகப்பன் மூன்று வீடு கட்ட வேண்டும். வீடு முடியாததால் கலியாணம் தள்ளிப்போன பெண்களை நாம் ஒவ்வொரு ஊரிலும் அறிவோம். அந்த வீட்டை முடிக்கவென்றே சகோதரர்களும், சில இடங்களில் கணவன்மாரும் மத்திய கிழக்குக்குச் சென்றனர். முதல் சித்திரையைத் தொலைபேசியில் கொண்டாடிய தம்பதியர் எத்தனை பேர்! சீதனம் கேட்டு வாட்டுவதை நான் ஒருபோதும் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் தன் பெயரில் ஒரு கூரை இருப்பது பெண்ணுக்குத் தரும் தைரியமும் பெரிது. கோபித்துக்கொண்டு வெளியேறுவதானால் இங்கே கணவன்தான் பையைத் தூக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26, மார்கழிப் பூரணை நாளன்று கடல் அந்தக் கூரைகளையும் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் விதி வந்தது. பின்னர் வேறிடங்களில் புது வீடுகள் எழுந்தன. அவற்றின் படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கூடு இருந்தது. அதில் பெரும்பாலும் கணவன் பெயரே எழுதப்பட்டது. எழுதுவினைஞராக வாழ்நாளைக் கழித்த எனக்குப் படிவத்தின் ஒரு கூடு செய்யக்கூடிய வேலை தெரியும். தாய்க்குத் தாயாய் வந்த வளவு ஒரு பேனாக் கீறலில் ஆண் பெயருக்கு மாறியது. கணவன் நல்லவனாக இருக்கும்வரை எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இவ்வாண்டு மணமுடித்தோர், குடியிருக்கும் வீட்டின் உறுதி எவர் பெயரில் உள்ளதென்பதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. அரச காணியாயின், அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராக எவர் பதியப்பட்டுள்ளார் என்பதைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேட்டறியலாம். பின்னுரித்தாளரைப் பதியாமல் ஒருவர் இறந்தால் ஆண் மக்களுக்கு முன்னுரிமை அளித்துவந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022இல்தான் திருத்தப்பட்டது. போகும்போது இருவருமாகவே போங்கள். திரும்பும் வழியில் அவருடைய அம்மாவையும் பார்த்துவிட்டு வரலாம்.