தூக்குவாளியில் வந்த பதில்

திடப்படுத்தல் முடிந்து, வீடு சந்திப்பு ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு, சபையின் பழைய மூப்பன் ஒருவன் சொல்லிக்கொள்வது.

1. ஜெபம் பண்ணிய கையோடு வாசலைக் கவனியுங்கள். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சேகர ஐயர் வந்து ஜெபித்தால்தான் கர்த்தர் வந்த மாதிரி என்று வராந்தாவிலேயே காத்துக் கிடந்தேன். ஐயரோ கன்வென்ஷனுக்கு வெளியூர் போயிருந்தார். மூன்று நாளும் தூக்குவாளியில் கஞ்சியும், அதன் மூடியில் பருப்புத் துவையலும் கொண்டுவந்தது கோயிலைக் கூட்டுகிற அம்மா. என் மனைவி குடித்து முடிக்கும்வரை நிற்பார். வாளியைக் குழாயடியில் கழுவிக்கொண்டு போய்விடுவார். சத்தமாக ஒரு ஜெபம்கூடப் பண்ணவில்லை. நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

2. வேதத்தில் ஓரமாக நிற்கிறவர்களைத் தேடிப் படியுங்கள். நாகமானின் குஷ்டம் தீர வழி சொன்னவள், இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன ஒரு சிறுபெண். பெயர்கூட இல்லை. தமஸ்குவில் பார்வை போய், அன்னம் தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் கிடந்த சவுலிடம் போன அனனியாவை, நடபடிகள் வெறும் சீஷன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. அவனுக்குப் பயம். சாக்குச் சொல்லியும் பார்த்தான். அப்புறம் போய், தங்களைப் பிடித்துக் கட்டிக்கொண்டுபோக வந்தவனையே சகோதரன் என்று கூப்பிட்டான். பயந்துகொண்டே போனவனையும் கர்த்தர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். எனக்கு அதில்தான் பெரிய ஆறுதல்.

3. அளவைப் பார்த்து எடைபோட வேண்டாம். மிசோரத்தில் 1910 முதல், சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். பூஃபாய் தாம் என்று பெயர். சபை அதைச் சேர்த்து விற்று, மிஷனரிகளை அனுப்புகிற செலவுக்குக் கொடுக்கிறது. நம் பாட்டிமார் போட்டுவந்த கைப்பிடி அரிசிக் கலயமும் இதே சங்கதிதான்.

4. சாட்சி சொல்லும்போது உதவிய ஆளை விழுங்கிவிட்டு, "கர்த்தர் செய்தார்" என்று மட்டும் சொல்வது சிலருக்குப் பக்தியாகத் தெரிகிறது. எனக்கு நன்றிகெட்டத்தனமாகப் படுகிறது. பெயரைச் சொல்லுங்கள். அவர் கூச்சப்படுகிறவர் என்றால் தனியே போய்ச் சொல்லுங்கள்.

5. அதற்காக எல்லாவற்றையும் தேவசெயல் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். சேகரத் தேர்தல் வருஷத்தில் அரிசிப்பை வீடு தேடி வரும். பசித்த வீடு வாங்கிக்கொள்ளட்டும்; நீங்கள் சாட்சி எழுத அவசரப்பட வேண்டாம்.

6. வருகிற வாரம் போகிற வீட்டில், ஜெபக்குறிப்பு கேட்பதற்கு முன் அடுப்பை ஒரு பார்வை பாருங்கள். தண்ணீர் எடுத்துத் தந்தது யார், மாத்திரை வாங்கி வந்தது யார் என்று பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். ஒரு பெயர் கட்டாயம் வரும். திரும்பும் வழியில் அந்த வீட்டுக்கும் ஓர் எட்டுப் போய் வாருங்கள், அங்கே யாரும் போவதில்லை. வெறுங்கையோடு போகாமல், நாலு வாழைப்பழமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.