மொழி தெரியாத நாட்டில் தொண்டு

ஜொகூர் பாரு

அன்பு மகளுக்கு,

நேபாளத்து மலையூர் ஒன்றில் உள்ள கிறித்தவ மருத்துவமனைக்குத் தன்னார்வத் தாதியாகச் செல்ல இசைந்த பிறகு, அந்நாட்டு மொழி தெரியாதே என்று மகள் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போட எண்ணுவது பொறுப்புணர்விலிருந்து பிறந்த தயக்கம். ஆயினும் தள்ளிப்போட அது போதிய காரணம் ஆகாது. மொழி தெரியாமல் ஒரு நாட்டுக்குப் போகலாம். போன பின் அம்மொழியைக் கற்பதற்கென்று காலம் ஒதுக்காமல் இருப்பதுதான் தவறு.

இதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானியரான பார்த்தொலொமேயு சீகன்பால்குக்கு அப்போது ஏறத்தாழ 24 வயது. தமிழில் அவருக்குப் பேசவும் வராது, எழுதவும் வராது. முதிய ஆசிரியர் ஒருவரை அவரது பள்ளிப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்திற்கே வரவழைத்து, அப்பிள்ளைகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து, அவர்கள் மணலில் விரலால் எழுதிய எழுத்துகளைத் தாமும் அவ்வாறே எழுதிப் பழகினார். குருப்பட்டம் பெற்று, போதிக்க வந்த ஒருவர், தாம் யாருக்குப் போதிக்க வந்தாரோ அவர்களுடைய பிள்ளைகளின் முன் எழுத்து தெரியாதவராக அமர ஒப்பியதே அவருடைய பணியின் உண்மையான தொடக்கம் என்று கொள்ள வேண்டும். வணிகக் குழுமத்தின் துபாஷியாக, அதாவது இருவேறு மொழியினருக்கிடையே பேச்சை எடுத்துரைப்பவராக இருந்த அழகப்பனின் துணையும் அவருக்குக் கிடைத்தது. 1708-ஆம் ஆண்டிலேயே தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் ஒரு விளக்க அட்டவணை எழுதினார். அவருடைய மொழிபெயர்ப்பான தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. இச்சாதனைகள் பலராலும் எடுத்துச் சொல்லப்படுகின்றன. அந்த முதிய ஆசிரியரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

தமிழர்களும் இவ்வழியே சென்றிருக்கிறார்கள். திருநெல்வேலித் தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் காணிக்கையைக் கொண்டே 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது; அதன் நிறுவனர்களுள் ஒருவரான வே. ச. அசரியா 1909-இல் தாமே அங்குக் குடியேறி, தெலுங்கு கற்று, 1912-இல் அவ்வட்டாரத்தின் பேராயரானார்.

மகளுக்கோ அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி ஜொகூர் பாருவிலேயே இருக்கிறது. இங்குள்ள தொழிற்சாலைகளிலும் குடியிருப்புகளின் காவல் கூடங்களிலும் நேபாளிகள் பலர் வேலை செய்கின்றனர்; அவர்களுள் ஒருவரை ஆசிரியராக ஏற்று, அவரது ஓய்வு நேரம் அறிந்து, உரிய கட்டணமும் கொடுத்துப் பாடம் கேட்பது, பயணத்திற்கு முன் செய்யத்தக்க மிகச் சிறந்த ஆயத்தம். மலேசியாவில் உழைத்து ஊர் திரும்பிய நேபாளிகளுள் மலாய் பேசத் தெரிந்தோர் உண்டாதலால், சில வேளைகளில் மகளின் பள்ளிக்கால மலாய் மொழியே அந்த மலைகளிலும் கைகொடுக்கக்கூடும்.

பாடத்தை வணக்கம் சொல்வதோடு நிறுத்திவிடக் கூடாது. 'கஹாங் துக்ச?' (எங்கே வலிக்கிறது?) என்று கேட்க ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம், நோயாளி வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, எப்போது தொடங்கியது, சாப்பிட்ட பின் கூடுகிறதா குறைகிறதா என்று மூச்சுவிடாமல் சொல்லும் மறுமொழியைப் புரிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆகும். ஆகவே கேள்விகளை விட மறுமொழிகளையே மிகுதியாகக் கேட்டுப் பழக வேண்டும். அதுவரை மொழிபெயர்ப்பாளரின் துணை தேவைப்படும். அப்போதும் பார்வை நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும், வாக்கியங்கள் சிறியனவாக இருக்க வேண்டும், தாயின் நோயைச் சொல்ல அவளுடைய பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது எந்நிலையிலும் கூடாது.

நேபாளத்தின் சட்டத்தையும் மகள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2017-இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம் அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிப்பதோடு, தண்டனை முடிந்த வெளிநாட்டவரை நாடுகடத்தவும் வழிசெய்கிறது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) விதியை அறிந்து வளர்ந்த ஒருவருக்கு, சமயப் பரப்புரைக்குச் சட்டம் எல்லை வகுப்பது புதிய செய்தியன்று. 1954-இல் உருவான நேபாள ஐக்கிய மிஷன், மதமாற்றத்தில் ஈடுபடுவதில்லை என்று அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் கீழ்தான் தான்சேன் மருத்துவமனை முதலியவற்றை நடத்தி வந்தது. புதிதாக வருவோர் முதலில் நேபாளி கற்பதை நெடுங்காலம் வழக்கமாகவும் கொண்டிருந்தது. அரைகுறை மொழியில் சொல்லப்படும் ஒரு சொல் பரப்புரையாகப் புரிந்துகொள்ளப்பட்டால், வெளிநாட்டவர் விமானமேறிவிடுவார். உடன் பணியாற்றிய நேபாளத் தாதியே அவ்வூரில் அதன் விளைவைச் சுமப்பார் என்பதை மகள் ஆழ்ந்து எண்ணிப்பார்க்க வேண்டும். எனவே சமயம் பற்றிய கேள்வி எழும்போது, அதற்கு மறுமொழி சொல்வதை அந்நாட்டு ஊழியர்களிடமே விட்டுவிடுவது முறை.

சுற்றுலா விசாவில் சென்று, ஊதியமின்றியேனும் பணி செய்வது அங்கு அனுமதிக்கப்படுவதில்லை. ஆதலால் மருத்துவமனையின் அழைப்புக் கடிதம், பணிக்குரிய விசா, நேபாளத் தாதியர் மன்றத்தின் தற்காலிகப் பதிவு ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே விமானச் சீட்டு எடுக்கப்பட வேண்டும். அவற்றிற்காகக் காத்திருக்கும் மாதங்கள் காவல் கூடத்து ஆசிரியரிடம் பாடம் கேட்கப் பயன்படட்டும்.

அன்புடன்,
பெரியப்பா