25 குழிகள், 5 குண்டுகள்: பழைய பிங்கோ இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது எப்படி?

பின்பால் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது குண்டைத் தட்டி மேலே அனுப்பும் ஃபிளிப்பர்கள்தான். பிங்கோ பின்பாலில் அவை கிடையாது. சாய்வான பலகையில் 1 முதல் 25 வரை எண்ணிட்ட குழிகள் இருக்கும். சுண்டிவிட்ட இரும்புக் குண்டு ஆணிகளிலும் ஸ்பிரிங்குகளிலும் மோதி ஏதோ ஒரு குழியில் போய் உட்காரும். எதிரே நிமிர்ந்து நிற்கும் ஓவியக் கண்ணாடியில் அதே எண் வெளிச்சமாகும். மூன்று, நான்கு அல்லது ஐந்து எண்கள் ஒரே வரிசையில் விழுந்தால் வெற்றி. ஹவுசி ஆடியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த விளக்குகளுக்குப் பின்னால் இருக்கும் மூளையில் டிரான்சிஸ்டரோ சிப்போ இல்லை. ரிலேக்கள், சுழலும் தட்டுகள், ஒரு மோட்டார், நூற்றுக்கணக்கான சுவிட்சுகள், அவ்வளவுதான்.

இவை பிறந்தது சிகாகோவில், 1951-இல். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஜான்சன் சட்டம், சூதாட்டக் கருவிகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை விதித்தது. காசாகக் கொட்டாமல் இலவச ஆட்டங்களாகப் பரிசு தரும் பிங்கோ அந்தத் தடைக்கு வெளியே நிற்கப் பார்த்தது. யுனைடெட் நிறுவனம் 'ஏபிசி' என்ற இயந்திரத்தையும், பாலி நிறுவனம் 'பிரைட் லைட்ஸ்' என்பதையும் கொண்டுவந்தன. பாலியின் டான் ஹூக்கர் அடுத்தடுத்து வடிவமைத்த இயந்திரங்கள் மதுக்கடைகளையும் சிற்றுண்டிக் கடைகளையும் நிறைத்தன. இலவச ஆட்டங்களுக்குக் கடைக்காரர் கையில் காசு கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. 1957-இல் கோர்பன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவற்றைச் சூதாட்டக் கருவிகள் என்றே முடிவு செய்தது. 10 டாலர் கேளிக்கை வரி போதாது, 250 டாலர் வரி கட்ட வேண்டும் என்றாயிற்று.

இந்த வரலாறு பழுதுபார்ப்பவருக்கு அவசியம். ஏன் என்பது பின்னால் தெரியும்.

இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் செய்யவே கூடாத வேலை, பிளக்கைச் செருகிப் பார்ப்பது. பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த பெட்டிக்குள் எலி கடித்த ஒயர் இருக்கலாம், யாரோ ஃபியூசுக்குப் பதிலாக வெள்ளித்தாளைச் சுற்றியிருக்கலாம். முதலில் கதவுகளைத் திறந்து எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பியும் எங்கே செருகியிருக்கிறது, எந்த நிற ஒயர் எங்கே போகிறது, எல்லாமே படத்தில் இருக்கட்டும். பிறகு துணி சுற்றிய பழைய இரட்டை ஒயரைக் கழற்றிவிட்டு எர்த் உள்ள மூன்று முள் ஒயரைப் போட வேண்டும். ஃபியூஸ்களை வரைபடத்தில் சொன்ன அளவுக்கே மாற்ற வேண்டும். காயில்கள் சுமார் 50 வோல்ட்டிலும் விளக்குகள் 6 வோல்ட்டிலும் ஓடினாலும், டிரான்ஸ்ஃபார்மரின் முன்பக்கம் வீட்டு மின்சாரம்தான். உயிரைப் பறிக்க அது போதும்.

அடுத்தது வரைபடம். அந்த மாடலுக்கே உரிய சர்க்யூட் வரைபடம் கையில் இல்லாமல் தொடங்குவது வீண் வேலை. 1953-இன் 'பீச் கிளப்' வரைபடத்தை வைத்துக்கொண்டு 1956-இன் 'கீ வெஸ்ட்'டைச் சரிசெய்ய முடியாது. மேசை முழுக்க விரியும் இந்தத் தாளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவிட்சுகள் எல்லாம் இயந்திரத்தின் ஒரு குறிப்பிட்ட நிலையில் வரையப்பட்டிருக்கும். அது எந்த நிலை என்று தாளிலேயே எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் படித்தால் திறந்த சுவிட்ச் மூடியதாகவும், மூடியது திறந்ததாகவும் தோன்றும்.

இனி சுத்தம். பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் உடைந்த பாகம் அல்ல, காய்ந்து பசையாகிப்போன பழைய கிரீஸ். படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் யூனிட்டுகள் அதில் சிக்கி, கிளம்பிய இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு யூனிட்டை மட்டும் பிரித்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும் மீண்டும் பூட்ட வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் பிரித்தால் ஸ்பிரிங்குகள் கலந்துவிடும். வட்டத் தட்டின் பித்தளைக் குமிழ்கள் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மிக மெல்லிய பூச்சாக மட்டும் மசகு போடலாம். டப்பாவிலிருந்து எண்ணெய் ஸ்பிரே அடிப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும். அது தூசியைப் பிடித்து வைக்கும். சுவிட்சுகளில் பொறி பறக்கும் இடத்தில் தீயும் பிடிக்கலாம்.

பிறகுதான் மெக்கானிக்குகள் 'பாயின்ட்' என்று சொல்லும் தொடுமுனைகள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான். வெள்ளிப் பாயின்ட்டுகளை வளையும் தன்மையுள்ள மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று தடவை இழுத்தாலே போதும். உப்புத்தாள் போட்டால் அதன் துகள் பதிந்து கெடுத்துவிடும். தகட்டை வளைக்க வேண்டுமென்றால் அதற்கான கருவியால் அடிப்பகுதிக்கு அருகே பிடித்து வளைக்க வேண்டும். பாயின்ட்டுகள் தொட்டதும் நின்றுவிடாமல் எதிர்த் தகட்டைச் சற்றே தள்ள வேண்டும். அந்தச் சிறு உரசல்தான் அழுக்கைத் தானே துடைத்துக்கொள்கிறது. தலைப்பெட்டியையும் கீழ்ப்பெட்டியையும் இணைக்கும் ஜோன்ஸ் பிளக்குகளின் முள்களையும் மறக்கக் கூடாது. 'இயந்திரமே செத்துவிட்டது' என்று விற்கப்பட்டவற்றில் சில, கறுத்துப்போன ஒரு முள்ளால் நின்றவைதான்.

இப்போது மின்சாரம் கொடுக்கலாம். சோதிக்கும் வரிசை முக்கியம். முதலில் விளக்குகள். அடுத்து, தலைப்பெட்டியின் மோட்டார் கேம் தண்டைச் சுழற்றி, சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக ஷட்டர். குழிகளுக்கு அடியில் ஓட்டைகள் கொண்ட ஒரு பலகை நகர்ந்து, முந்தைய ஆட்டத்தின் குண்டுகளைக் கீழே விழவைத்து, மறுபடி மூடிக்கொள்ள வேண்டும். பிறகு 25 குழிகளிலும் ஒவ்வொன்றாகக் குண்டை வைத்து, கண்ணாடியில் அதே எண் எரிகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். எரியாத எண்ணின் கோளாறு பெரும்பாலும் அந்தக் குழியின் சுவிட்சிலேயே இருக்கும்.

கடைசியாகத் தேடல். குண்டுகள் விழுந்ததும் சுழலும் தட்டு ஒன்று, எந்த எண்கள் எந்த வரிசையில் அடுத்தடுத்து எரிகின்றன என்று வரிசை வரிசையாகத் தொட்டுப் பார்க்கும். மூன்று தொடர்ந்து கிடைத்தால் ரிலே இழுக்கும், பதிவுமானியில் இலவச ஆட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறும். கணினியைப் பார்த்திராத தொழிலாளர்கள் ஒயரையும் பித்தளையையும் கொண்டு ஒரு கணக்கைச் செய்யவைத்தார்கள் என்பது இந்த இடத்தில்தான் கண்கூடாகத் தெரியும். நான்கு எண்ணுக்கு மூன்றின் பரிசே வந்தால், தட்டின் குமிழ்களைத் தொட்டு நகரும் விரல்களில் ஒன்று தேய்ந்து, ஒரு குமிழைத் தவறவிடலாம்.

ரிஃப்ளெக்ஸ் யூனிட் என்ற பாகத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஆட்டக்காரர்கள் நிறைய வென்றால் இயந்திரம் கையை இறுக்கிக்கொள்ளும், காசு மட்டும் போய்க்கொண்டிருந்தால் சற்றுத் தாராளமாகும். அதை நடத்துவது இந்த யூனிட். வீட்டில் ஆடத்தானே என்று இதை எப்போதும் தாராள நிலையில் கட்டிவைப்பவர்கள் உண்டு. அது செய்யத் தகாத வேலை. பெட்டியில் இருக்கும் நாக்-ஆஃப் சுவிட்சும் அப்படித்தான். கடைக்காரர் காசு கொடுத்த பிறகு இலவச ஆட்டங்களை அழிக்கப் பயன்படுத்திய சுவிட்ச் அது. நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கதையின் சாட்சி அங்கேயே இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது வெறும் பொம்மை.

ஓவியக் கண்ணாடியின் பின்புறத்தை ஈரத்துணியால் தொடவே கூடாது. வண்ணம் செதிலாக உதிர்ந்தால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. முதலில் தரமான படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. விளக்கின் சூடே வண்ணத்தின் எதிரி என்பதால், 250 மில்லியாம்பியர் இழுக்கும் 44-ஆம் எண் பல்புகள் இருந்தால் 150 மட்டுமே இழுக்கும் 47-ஆம் எண் பல்புகளுக்கு மாறுவது நல்லது. பலகைக்குச் சாதாரண மெழுகு போதும். கீறல் விழுந்த குண்டுகளை மட்டும் தயங்காமல் மாற்றலாம், ஏனெனில் அவை பலகையை அரைத்துவிடும்.

அமெரிக்காவில் பழைய சூதாட்டக் கருவிகளை வைத்திருப்பது பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, வாங்கும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும். பெல்ஜியத்தில் நிலைமை வேறு. பாலி அங்கே நிறைய ஏற்றுமதி செய்தது. 1999-இல் வந்த சட்டம் மதுக்கடைகளில் பிங்கோவை அனுமதித்து, ஒரு கடைக்கு இரண்டு இயந்திரங்கள் என்று வரம்பு வைத்தது.

பெட்டிக்குள் பழைய மெக்கானிக்குகள் பென்சிலால் எழுதிய குறிப்புகள், வரிச் சீட்டுகள், உரிமையாளரின் ஒட்டுச்சீட்டுகள் இருந்தால் துடைக்காமல் விடுங்கள். வரிசை எண்ணையும், எந்த ஊரின் எந்தக் கடையிலிருந்து வந்தது என்பதையும் எழுதிவையுங்கள். விற்றவரிடம், அவருடைய அப்பாவிடம், கடையில் வேலை பார்த்தவரிடம் பேசி ஒலிப்பதிவு செய்யுங்கள். 'பிரைட் லைட்ஸ்' வந்தபோது 20 வயதாக இருந்தவர்கள் இன்று 90-ஐத் தாண்டிவிட்டார்கள். ரிலே இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும். அவர்களிடம் பேசுவதை இந்த மாதமே செய்துவிடுங்கள்.