ஒரே லோகோவுக்குள் இரண்டு எஞ்சின்: ஏன் நிலைக்கவில்லை?



சேலம் - ஈரோடு பாதையில சரக்கு ரயில் போகும்போது, முன்னாடி ரெண்டு லோகோ பூட்டியிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. அதை "டபுள் எஞ்சின் வண்டி"ன்னு சொல்லுவோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை. ஒரே லோகோவின் உடம்புக்குள்ளேயே இரண்டு டீசல் எஞ்சின்களை வைத்துக் கட்டிய ராட்சத சரக்கு லோகோக்களைப் பற்றியது. குழப்பம் வராமலிருக்க, இனி முழு வண்டியை "லோகோ" என்றும், உள்ளே டீசல் எரியும் இயந்திரத்தை மட்டும் "எஞ்சின்" என்றும் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை

டீசல்-எலக்ட்ரிக் லோகோவில் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். அதில் வரும் மின்சாரம் அச்சுகளில் இருக்கும் டிராக்ஷன் மோட்டார்களுக்குப் போகும். சக்தி கியர் வழியாக இல்லாமல் கேபிள் வழியாகப் போவதால், இன்னொரு எஞ்சினையும் ஜெனரேட்டரையும் சேர்ப்பது பெரிய சிக்கல் இல்லை. நீளமான சட்டம், கூடுதல் அச்சுகள் இருந்தால் போதும்.

ஏன் கட்டினார்கள்?

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வே, 8500 குதிரைத்திறன் கொண்ட கேஸ் டர்பைன் லோகோக்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அவை எண்ணெயை ஏகத்துக்கும் குடித்தன. அன்றைய டீசல் எஞ்சின் ஒன்று கொடுத்ததோ சுமார் 2500 குதிரைத்திறன்தான். நீளமான சரக்கு ரயிலுக்கு நாலைந்து லோகோ பூட்ட வேண்டியிருந்தது. "எண்ணிக்கை குறையட்டும், ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கட்டும்" என்று அந்த ரயில்வே நினைத்தது. மூன்று கம்பெனிகள் அதற்கு லோகோ கட்டிக் கொடுத்தன.

- இஎம்டியின் டிடி35 (1963): 5000 குதிரைத்திறன்.
- ஜெனரல் எலக்ட்ரிக்கின் யு50 (1963): 5000 குதிரைத்திறன்.
- ஆல்கோவின் சி-855 (1964): 5500 குதிரைத்திறன். கட்டியது மொத்தமே 3.

1969 முதல் 1971 வரை இஎம்டி கட்டிய டிடிஏ40எக்ஸ்தான் இந்த வரிசையின் உச்சம். இரண்டு 16 சிலிண்டர் எஞ்சின்கள், 6600 குதிரைத்திறன், 8 அச்சுகள், சுமார் 30 மீட்டர் நீளம், 247 டன் எடை. மொத்தம் 47 லோகோக்கள். 1980கள் வரை ஓடின. ஆனால் அதற்குப் பிறகு அந்த வகையை யாரும் தொடரவில்லை. ஏன்?

காரணம் 1: பிடிமானம்

எங்க தேவனூர் நாட்டுப் பக்கம் ரயிலே கிடையாது. கொல்லிமலைக்கு லாரிதான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் லோடு லாரியை, மழை பெய்து வழுக்கும் ரோட்டில் கவனிங்க. பிடிமானம் போன இடத்தில் எவ்வளவு மிதிச்சாலும் டயர்தான் சுத்தும், வண்டி ஏறாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம்.

பழைய டிசி மோட்டார் லோகோ, தோராயமாக தன் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சக்கரம் வழுக்காமல் இழுக்கும். கணக்கு போடுவோம். திறன் = இழுவிசை × வேகம். டிடிஏ40எக்ஸ்-இன் 6600 குதிரைத்திறனில் 85% சக்கரத்துக்குப் போகிறது என்று வைத்தால், சுமார் 4185 கிலோவாட். பிடிமானம் தாங்கும் இழுவிசை சுமார் 606 கிலோநியூட்டன். வகுத்தால் வினாடிக்கு 6.9 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர்.

இதன் பொருள்: 25 கிலோமீட்டருக்குக் கீழே அந்த 6600 முழுவதையும் பயன்படுத்தவே முடியாது. சமவெளியில் வேகமாக ஓடும் சரக்கு ரயிலுக்கு அது வரம். மேட்டில் மெதுவாக ஏறும் கனமான ரயிலுக்கு, குதிரைத்திறனைவிட எடையும் பிடிமானமும்தான் முக்கியம்.

காரணம் 2: ஷெட் கணக்கு

பேச்சுக்கு, எந்த நாளிலும் பத்தில் ஒரு எஞ்சின் பழுது என்று வைத்துக்கொள்வோம். 100 எஞ்சின்களை 100 லோகோவில் வைத்தால், 90 எஞ்சின் வேலை செய்யும். அதே 100-ஐ 50 இரட்டை லோகோவில் வைத்தால்? இரண்டு எஞ்சினும் நன்றாக இருக்க வாய்ப்பு 0.9 × 0.9 = 0.81. பழுது பார்க்க முழு லோகோவும் ஷெட்டுக்குள் போகணும்; நல்ல எஞ்சினும் சேர்ந்து முடங்கும். ஆக, 81 எஞ்சின்தான் வெளியே ஓடும். எஞ்சினின் தரம் மாறவில்லை, அடுக்கிய விதம் மட்டும் மாறியது. அதற்கே 9 எஞ்சின் போச்சு!

வழியில் ஒரு எஞ்சின் நின்றால் மற்றதை வைத்து ஊர் வந்து சேரலாமே என்று கேட்கலாம். தனித்தனி லோகோக்களிலும் அது முடியும். மல்டிபிள் யூனிட் முறையில் கேபிளால் இணைத்து, ஒரே டிரைவர் பல லோகோக்களை ஓட்டலாம். சின்ன ரயிலுக்கு ஒன்றைக் கழற்றி விடலாம். இரட்டை லோகோவைப் பாதியாக வெட்ட முடியாதே!

1972-இல் வந்த, ஒரே எஞ்சினுடன் 3000 குதிரைத்திறன் கொண்ட எஸ்டி40-2 இந்தக் காரணங்களால்தான் ஆயிரக்கணக்கில் விற்றது. அதன் மாட்யூலர் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டை முதலில் சோதித்துப் பார்த்தது டிடிஏ40எக்ஸ்-இல் என்பதையும் சொல்லியாகணும்.

நம்ம நாட்டில் என்ன நடந்தது?

சி-855-க்குள் இருந்தது ஆல்கோவின் 251 வகை, 16 சிலிண்டர் எஞ்சின். இந்தியாவின் டபிள்யூடிஎம்-2 லோகோவுக்குள் இருந்ததும் அதே 251 குடும்பம்தான். 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1964 முதல் வாரணாசியில் கட்டினார்கள். 2600 குதிரைத்திறன், 112.8 டன். அமெரிக்காவில் இரண்டை ஒரே உடம்பில் வைத்து 3 லோகோவோடு நிறுத்தினார்கள். நாம் ஒன்றொன்றாக வைத்து 2,600-க்கும் மேல் கட்டினோம். தேவைப்பட்ட இடத்தில் இரண்டிரண்டாகப் பூட்டினோம். ஆல்கோ 1969-இல் லோகோ கட்டுவதையே நிறுத்திய பிறகும், அந்த எஞ்சின் ஈரோடு ஷெட்டிலும் பொன்மலை ஒர்க்ஷாப்பிலும் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது.

கடைசியில் தொழில்நுட்பமே கேள்வியை மாற்றிவிட்டது. 2012-இல் வாரணாசியில் வந்த டபிள்யூடிஜி-5, ஒரே 20 சிலிண்டர் எஞ்சினில் 5500 குதிரைத்திறன் கொடுத்தது. சி-855 அதே அளவுக்கு 32 சிலிண்டர் எடுத்துக்கொண்டது. அதோடு ஏசி மோட்டாரும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடும் சேர்ந்து, சக்கரம் வழுக்குவதை நொடியில் கண்டுபிடித்து அடக்குகின்றன.

ஃபைனல் இயர் புராஜெக்டில் "பவர் பத்தலையா? இன்னொரு மோட்டார் போடு"ன்னு நாமளும் சொல்லியிருப்போம். அதுக்கு முன்னாடி, நம்மைத் தடுப்பது பவரா, பிடிமானமா, இல்லை பராமரிப்பான்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

உங்களுக்கு ஒரு கணக்கு: டபிள்யூடிஜி-4 லோகோ 126 டன், 4000 குதிரைத்திறன். மேலே சொன்ன 85% அப்படியே இருக்கட்டும். பிடிமானம் எடையில் 0.25 என்றால், முழுத்திறனையும் எந்த வேகத்திலிருந்து பயன்படுத்தலாம்? 0.35 என்றால்? ரெண்டு விடைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான், பிடிமானத்தைக் கூட்டியதால் கிடைத்த லாபம்.